கிறிஸ்துமஸ் ஸ்டாரை எப்போது கட்டுவது, கட்டத்தான் வேண்டுமா?

நவம்பரிலேயே ஸ்டார் கட்டினால் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை, பைபிளில் இதற்குத் தேதி எதுவும் கிடையாது. கத்தோலிக்க வழக்கப்படி திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்கள்) முதல் ஞாயிறு நல்ல கணக்கு. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். நம் ஊர்களில் பலர் டிசம்பர் 1 அன்றே மாடியில் ஸ்டாரை ஏற்றிவிடுவார்கள்.

இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடிலுக்குத்தான் அவசரம் கூடாது. பச்சைப் புல்லுக்காகக் கேழ்வரகு விதைப்பதானால் டிசம்பர் 14 வாக்கில் விதைத்தால் போதும். முன்னாலேயே விதைத்தால் பண்டிகைக்குள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும் (எங்கள் வீட்டில் ஒருமுறை ஆடு மேய்ந்துவிட்டது, அது வேறு கதை). குழந்தை இயேசுவை டிசம்பர் 24 அன்று இரவுதான் வைப்பது வழக்கம். அதுவரை தீவனத்தொட்டி காலியாகவே இருக்கட்டும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பொம்மைகளைத் தூரத்தில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரி 6-க்குக் குடிலில் கொண்டுபோய்ச் சேருங்கள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதன்பிறகு எல்லாவற்றையும் பிரித்துவிடலாம்.

கட்டாயமா என்றால், இல்லை. அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டில் ஸ்டார் கட்டாமல் விடுவதுண்டு. சில சபைக்காரர்கள் மரமோ குடிலோ வைப்பதே இல்லை.