கையெழுத்து வைக்க முதல்

தம்பி, ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு கிழமைதான் ஆகிறது, அகதிக் கோரிக்கைக்கு எந்த லோயரைப் பிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். மாமா காட்டிய ஆள் "கட்டாயம் வெல்லலாம்" என்று சொல்லி முழுக் காசையும் முதலே கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவரிடம் இப்போதைக்கு ஒன்றிலும் கையெழுத்து வைக்காதீர்கள். முடிவு சொல்பவர் ஐஆர்பி, அதாவது அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் கனடாவின் குடிவரவு, அகதிகள் சபையின் உறுப்பினர். அந்த முடிவுக்கு எந்த நல்ல லோயரும் வாக்குக் கொடுக்கமாட்டார்.

முதலில் அவர் லோயர்தானா என்று பாருங்கள். இமிக்ரேஷன் என்று போர்டு போட்ட எல்லாரும் லோயர் இல்லை. ஒன்ராறியோ லோ சொசைட்டியின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் உரிமம் இருக்கிறதா என்று தெரியும். லோயர் இல்லாத இமிக்ரேஷன் கன்சல்டன்ட் என்றால், உங்களுக்காக ஐஆர்பி முன் நிற்க ஆர்சிஐசி-ஐஆர்பி என்ற தனி உரிமம் வேண்டும்.

காசுக்காகக் கடன்படவும் வேண்டாம். காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி செய்யும் லீகல் எயிட் ஒன்ராறியோவுக்கு எடுங்கள்: 1-800-668-8258. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வருமானம் குறைவு என்றால், லோயரின் காசை அவர்களே கட்டுவதற்கான சான்றிதழ் கிடைக்கலாம், அதை ஏற்கும் லோயரை நீங்களே தெரிவு செய்யலாம். சான்றிதழில் வேலை செய்பவர் அதற்கு மேல் உங்களிடம் காசு வாங்கக்கூடாது.

சரி, இனி முக்கியமான விஷயம். நான் வந்தது 2010இல். முதல் போன இடத்தில் லோயரை ஐந்து நிமிடம்தான் கண்டேன். அங்கே வேலை செய்த பிள்ளை என் கதையைக் கேட்டுக் கேட்டுப் படிவத்தில் எழுதினார், ஆங்கிலத்தில் வந்த தாளை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தேன். விசாரணைத் தேதி வந்ததும் பயம் பிடித்து வேறொரு லோயரிடம் போனேன். அந்த அம்மா மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, தமிழில் வாசிக்கச் சொன்னார். அண்ணாவைக் கொண்டுபோனது 2007 ஆவணி. தாளில் 2008 என்று இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்புறம் வெறும் தாள் ஒன்றைத் தந்து எங்கள் வீட்டைக் கீறச் சொன்னார்: படலை எங்கே, அவர்கள் எந்தப் பக்கத்தால் வந்தார்கள், அம்மா எங்கே நின்றார். இரண்டரை மணித்தியாலம் போனது. பிழையைத் திருத்தி விசாரணைக்கு முன்பே அனுப்பினார். விசாரணையில் உறுப்பினர் முதலில் கேட்டதே அந்த வருஷத்தைப் பற்றித்தான்.

அதனால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: என் கதையை யார் எழுதுவார்? விசாரணைக்கு நீங்களே வருவீர்களா? கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டுவீர்களா? தமிழ் தெரிந்தவர் என்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லாதவர் எங்கள் ஊர்க்காரர் என்றாலும் வேண்டாம்.

எங்கள் கதையை எழுதிக் கொடுக்கும் அந்தப் படிவத்துக்கு இப்போது பெயர் பிஓசி. அதைக் கொடுக்கவேண்டிய கடைசி நாள் உங்களுக்குத் தந்த தாள்களில் இருக்கும். அதைப் பார்த்து வைத்துக்கொண்டு நாளைக் காலையே லீகல் எயிட்டுக்கு எடுங்கள்.