அகார்ட் சான்றிதழைத் திருப்பி அனுப்பியது ஏன்?

தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டு பாலிசி நடப்பில் இருந்தும், கடையின் உரிம விண்ணப்பத்தோடு வைத்த அகார்ட் சான்றிதழை (காப்பீட்டு விவரங்களைச் சுருக்கமாகக் காட்டும் பொதுவான தாள்) நகராட்சி ஏற்கவில்லை என்கிறீர்கள். நியூயார்க் மாநிலத்தில் அது வழக்கம்தான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, உரிமம் தரும் அரசு அலுவலகம் முதலில் காப்பீட்டுச் சான்றைப் பார்த்தாக வேண்டும். அகார்ட் தாள் அதற்குச் செல்லாது.

தனியார் நிறுவனத்தில் பாலிசி என்றால் சி-105.2 படிவம் வேண்டும். மாநிலக் காப்பீட்டு நிதியத்தில் எடுத்திருந்தால் யு-26.3. இதை நீங்களே நிரப்ப முடியாது, காப்பீட்டு நிறுவனமோ அதன் உரிமம் பெற்ற முகவரோ தர வேண்டும். கேட்கும்போதே இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லுங்கள். ஒன்று, தொழிலின் சட்டப்பூர்வப் பெயர். பலகையில் உள்ள கடைப் பெயரை மட்டும் போட்டு, விண்ணப்பத்தில் 'எல்எல்சி' (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) என்று இருந்தால் மறுபடி திரும்பி வரும். இன்னொன்று, படிவத்தில் சான்று கேட்பவர் பெயரை எழுதும் இடத்தில் உரிமம் தரும் அந்த அலுவலகத்தின் பெயர் இருக்க வேண்டும்.

அப்புறம், காப்பீடு இருக்கிறது என்று ஊழியர்களுக்குக் காட்டச் சுவரில் ஒட்டும் சி-105 அறிவிப்பு வேறு, சி-105.2 வேறு. யார்தான் இப்படிப் பெயர் வைத்தார்களோ!

ஊழியர் இயலாமைக் காப்பீட்டுக்கு டிபி-120.1 படிவமும் கேட்பார்கள், சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

யாரோ சொன்னார்கள் என்று, காப்பீடு தேவையில்லை என்று காட்டும் சிஇ-200 விலக்குச் சான்றுக்குப் போகாதீர்கள். பகுதிநேர ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதனால் அது உங்களுக்குப் பொருந்தாது.