வேலை முடிந்த பிறகும் உடல் பணியிலேயே இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 37, காவல்துறையில் பதினொரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசத் தோன்றுவதில்லை. பிள்ளைகள் விளையாடும் சத்தத்துக்கே எரிந்து விழுகிறேன். இரண்டு பெக் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. அண்மையில் ரத்த அழுத்தம் 150/96 என்றார்கள். மனநல மருத்துவரைப் பார்த்தால் வேலைக்குப் பாதிப்பு வருமோ என்று தயங்குகிறேன். இது மன அழுத்தமா, இல்லை என் சுபாவமே மாறிவிட்டதா?

பதில்: சுபாவம் மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. எதிரே வருபவரின் முகத்துக்கு முன் அவருடைய கைகளைப் பார்ப்பது, எங்கே உட்கார்ந்தாலும் வாசல் தெரியும் நாற்காலியைத் தேடுவது ஆகியவை உங்கள் உயிரைக் காக்கத் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கங்கள். அந்த விழிப்புநிலைக்காக உடல் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கிறது. நாள் முழுவதும் அப்படி ஏறி நின்ற உடல், பணி முடிந்ததும் சட்டெனச் சரிகிறது. அந்தச் சரிவுதான் வீட்டில் மௌனமாகவும் சலிப்பாகவும் தெரிகிறது. இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். ‘என்மீது வெறுப்போ’ என்று அவர் குழம்பியிருக்கக்கூடும்.

காவலர்களின் மன அழுத்தத்துக்குப் பிணங்களும் வன்முறையும்தான் காரணம் என்று வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் எப்போது முடியும் என்று தெரியாத பணிநேரம், கடைசி நேரத்தில் ரத்தாகும் விடுப்பு, பலர் முன்னிலையில் மேலதிகாரியிடம் வாங்கும் ஏச்சு ஆகியவையும் அதே அளவுக்கு, சிலரிடம் அதைவிட அதிகமாகவும், மனத்தை அரிக்கின்றன. இவற்றை மூச்சுப் பயிற்சியால் சரிசெய்துவிடலாம் என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். பணி ஒதுக்கீட்டை நிர்வாகம்தான் திருத்த வேண்டும்.

உங்கள் கையில் இருப்பவற்றில் முதன்மையானது தூக்கம். தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடைய நிலைக்கு ஏறத்தாழ இறங்கிவிடுகின்றன. மது விரைவில் கண்ணயர வைத்தாலும், இரவின் பிற்பகுதியில் தூக்கத்தை உடைக்கிறது, கனவுத் தூக்கத்தைக் குறைக்கிறது, ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. ஆகவே அந்த இரண்டு பெக் தூக்கமின்மை, எரிச்சல், ரத்த அழுத்தம் என்ற உங்கள் மூன்று தொல்லைகளுக்கும் தீனி போடுகிறது. அளவு இப்போது இரண்டைத் தாண்டியிருந்தால் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் மேற்பார்வையில் குறையுங்கள். இரவுப்பணி முடிந்து பகலில் உறங்கும்போது அறையை நன்றாக இருட்டாக்குங்கள். உறங்குவதற்கு ஆறு மணிநேரம் முன்பே காபி, தேநீரை நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு, குளித்து, இருபது நிமிடம் தனியாக நடந்துவிட்டு வந்து பிள்ளைகளுடன் உட்காருங்கள். நடக்க முடியாத நாளில், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவதைச் சில நிமிடங்கள் செய்யுங்கள்.

ஒரே ஒரு அளவீட்டை வைத்து உயர் ரத்த அழுத்தம் என்று முடிவு செய்ய வேண்டாம். ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், இரண்டிரண்டு முறை அளந்து குறித்துவையுங்கள். சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுமருத்துவரைப் பாருங்கள்.

பணியில் கண்ட ஏதேனும் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறதா, கெட்ட கனவாக எழுப்புகிறதா, அது நடந்த தெருவையே தவிர்க்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. அப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். அதற்கென, மனநல நிபுணருடன் பேசிப் பெறும் பயனுள்ள சிகிச்சைகள் உள்ளன. தூக்க மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பது அதற்குத் தீர்வாகாது.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நீங்களாகச் சென்று பெறும் ஆலோசனை வேறு, தகுதியைச் சோதிக்கத் துறை அனுப்பும் பரிசோதனை வேறு. எது குறிப்பில் ஏறும், எது யாருக்குப் போகும் என்பதை முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு பேசுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், உங்களிடம் துப்பாக்கி இருந்தால் அதை உடனே ஒப்படைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.