விண்வெளி வீரரிடம் கையொப்பம் பெற எந்தப் பொருளைக் கொண்டு போவது நல்லது?

அப்பல்லோ காலத்து வீரர் ஒருவர் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிக்கு அமெரிக்கா போகிறீர்கள், ஒரே ஒரு பொருளில்தான் கையொப்பம் பெற முடியும், புகைப்படம், புத்தகம், ராக்கெட் மாதிரி ஆகிய மூன்றில் எதை எடுத்துப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விண்வெளிப் பயணங்கள் தொடர்பான அஞ்சல் உறைகளையும் கையொப்பமிட்ட படங்களையும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து வருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையொப்பமிடுபவர் தம் வாழ்நாளில் செய்த ஏதேனும் ஒரு குறிப்பிட்ட செயலோடு நேரடி உறவுள்ள பொருளாக அது இருக்க வேண்டும். தட்டையான தாளாக இருக்க வேண்டும். மை தெளிவாகத் தெரியும்படி வெளிர்நிறப் பரப்பு அதில் போதிய அளவு இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றில் புகைப்படம் பொருந்தும். நீங்கள் குறிப்பிடாத அஞ்சல் உறை அதைவிடவும் பொருந்தும்.

முதல் நிபந்தனையைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். நிலாவில் மனிதன் என்றதும் எல்லோர் மனத்திலும் எழும் படம், முகக்கவசம் பொன்னாக மின்ன, கேமராவை நோக்கி நேராக நிற்கும் ஒருவரின் படம். அதில் நிற்பவர் ஆர்ம்ஸ்ட்ராங் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நிற்பவர் பஸ் ஆல்ட்ரின். படமெடுத்தவர்தான் நீல் ஆர்ம்ஸ்ட்ராங். கவசத்தின் பிரதிபலிப்பில் மிகச் சிறிய வெள்ளை உருவமாக அவர் தெரிகிறார். நிலாத் தரையில் இருந்த நேரத்தில் பெரும்பகுதி கேமரா அவர் கையில் இருந்ததால், அவரே நிற்கும் நல்ல படங்கள் மிகக் குறைவு. ஆகவே அந்தப் படத்தில் ஆல்ட்ரினின் கையொப்பம் இருந்தால் அது படத்தில் நிற்பவரின் கையொப்பம். ஆர்ம்ஸ்ட்ராங்கின் கையொப்பம் இருந்தால் அது படைத்தவரின் கையொப்பம். அதே படத்தை வேறொரு பயணத்தின் வீரரிடம் நீட்டினால், அவர் மறுக்காமல் கையொப்பமிடக்கூடும். ஆனால் அந்தத் தாளுக்கும் அந்தக் கைக்கும் இடையே எந்த உறவும் இருக்காது. புகழ்பெற்ற படத்தைத் தேடுவதற்கு முன், நீங்கள் சந்திக்கப்போகிறவர் என்ன செய்தார் என்பதை ஒரு வாரம் உட்கார்ந்து படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சார்லி டியூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 பயணத்தில் ஜான் யங்கோடு நிலாவில் நடந்தவர்; அப்போது அவருக்கு வயது 36, நிலாவில் நடந்தவர்களில் அவரே இளையவர். தம் மனைவியும் இரு மகன்களும் தாமும் சேர்ந்து நிற்கும் குடும்பப் படம் ஒன்றை பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு எடுத்துச் சென்று, நிலாத் தரையில் வைத்து, அதைப் படமும் எடுத்துவிட்டு அங்கேயே விட்டு வந்தார். சாம்பல்நிற மண்ணில் கிடக்கும் அந்தக் குடும்பப் படத்தின் ஒளிப்படத்தைவிட அவரிடம் நீட்டத் தகுந்த பொருள் ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அது அவர் எடுத்த படம், அவர் குடும்பத்தின் படம், மேலும் சுற்றியுள்ள மண் முழுவதும் வெளிர்சாம்பல் என்பதால் நீல மை அதில் அழகாகத் தெரியும். இவர் இன்னொரு வகையிலும் வரலாற்றில் இருக்கிறார். 1969 ஜூலை 20 அன்று ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் தரையிறங்கியபோது ஹூஸ்டனில் உள்ள நாசாவின் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அவர்களோடு பேசிக்கொண்டிருந்த குரல் இவருடையது. எனவே அப்பல்லோ 11 தரையிறங்கியதைக் குறிக்கும் உறையில் இவருடைய கையொப்பம் இருப்பதும் முழுக்க நியாயமானது.

அப்பல்லோ 13 பயணத்தில் சென்ற ஃபிரெட் ஹெய்ஸிடம் பெரும்பாலோர் அந்தப் பயணத்தின் படத்தையே கொண்டு போவார்கள், அதில் தவறில்லை. ஆனால் 1977இல் எண்டர்பிரைஸ் என்ற விண்வெளி ஓடத்தை, போயிங் 747 விமானத்தின் முதுகிலிருந்து பிரித்து, இயந்திர உந்துதல் ஏதுமின்றி மிதக்கவிட்டுத் தரையிறக்கிய சோதனைகளில் கார்டன் ஃபுல்லர்டனோடு சேர்ந்து அதை ஓட்டியவர் அவர். நீல வானத்தில் விமானத்தை விட்டு ஓடம் மேலெழும் அந்தப் படத்தை நீட்டினால், அப்பல்லோ 13 படங்களையே நாள் முழுவதும் பார்த்துக் களைத்த ஒருவரிடம் உங்களால் உரையாடலைத் தொடங்க முடியும்.

அப்பல்லோ 13 பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மூவர் சேர்ந்து நிற்கும் குழுப் படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அந்த மூவரின் கையொப்பமும் இனிச் சேர வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். அந்தக் குழுவின் ஜாக் ஸ்விகெர்ட் 1982 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். மூவர் முகமும் சிரிக்கும் படத்தில் ஒரே ஒரு கையொப்பம் மட்டும் இருந்தால், பார்க்கும்போதெல்லாம் கண் வெற்றிடத்துக்கே போகும். இத்தகைய குழுக்களுக்கு ஆள் இல்லாத படங்கள் நல்லவை: வழியில் நேர்ந்த வெடிப்பில் சேவைக் கலத்தின் பக்கச்சுவர் பிய்ந்துபோன தோற்றம், கடலில் பாராசூட்டுகளோடு இறங்கும் கலம் போன்றவற்றில் ஒரு கையொப்பமே நிறைவாக இருக்கும்.

இனிப் பரப்பும் மையும். விண்வெளிப் படங்களில் வானம் கறுப்பு. அழகுக்காக முக்கால் பங்கு கறுப்பு உள்ள படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நீல மார்க்கரோடு வரிசையில் நின்றால், கையொப்பம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். கறுப்பில் தெரிய வேண்டுமானால் வெள்ளி அல்லது பொன்னிற வண்ணப் பேனா வேண்டும். அது குலுக்கி எழுத வேண்டிய பேனா, சில சமயம் சொட்டும், உலர நேரமெடுக்கும், ஆண்டுகள் போனால் செதிலாக உதிரவும் கூடும். வெள்ளை விண்வெளி உடையில் வீரர் தலைக்கவசத்தோடு அமர்ந்திருக்கும் நாசாவின் அதிகாரபூர்வ உருவப்படத்தைச் சேகரிப்பாளர்கள் இத்தனை விரும்புவதற்கு ஒரு காரணம், அந்த வெள்ளை உடையே கையொப்பத்துக்கு இடம் தருகிறது என்பதுதான்.

படத்தைச் சொந்தமாக அச்சிட்டுக்கொள்வதாக இருந்தால், நாசாவின் படங்கள் பெரும்பாலும் பொதுவுரிமையில் இருப்பவை என்பதால், அதன் இணையக் காப்பகத்திலிருந்து மிகுந்த தெளிவுள்ள கோப்பைப் பதிவிறக்கி, நல்ல கலர் லேபில் 8க்கு 10 அங்குல அளவில் அச்சிடுங்கள். வீட்டு இங்க்ஜெட் அச்சுப் பிரதிகளில் சிலவற்றில் மார்க்கர் மை சரியாகப் பிடிப்பதில்லை. லேபில் வேதிமுறையில் கழுவி எடுக்கும் தாளே நம்பகமானது. இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் நீங்களே அதே பேனாவால் எழுதி, பத்து நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். 1960களில் நாசா அச்சிட்ட பழைய மூலப் பிரதி உங்களிடம் இருந்தால் அதில் இன்று கையொப்பம் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ள நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் அந்தத் தாள் ஏற்கெனவே தன்னளவில் ஒரு வரலாற்றுச் சான்று. பேனா வழுக்கினால் இரண்டும் போய்விடும்.

ராக்கெட் மாதிரியைப் பற்றி என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், விண்வெளி ஓடத்தில் பயணம் செய்த வீரர் ஒருவர் கையொப்பமிட்ட நிகழ்ச்சிக்கு, நான் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒட்டி வண்ணமடித்த பிளாஸ்டிக் ஓடத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போனேன். அவர் மிகுந்த பொறுமையோடு இறக்கையின் மேல் கையொப்பமிட்டார். மை உலர்ந்துவிட்டது என்று நம்பி, பஞ்சில் பொதிந்து திரும்ப எடுத்து வந்தேன். வீட்டில் திறந்தபோது இறக்கையில் ஊதாக் கறையும், பஞ்சில் அவர் பெயரின் முதலெழுத்தும் இருந்தன. அந்தப் பஞ்சை நெடுநாள் எறிய மனம் வரவில்லை. வளைந்த, வழவழப்பான, துளைகளற்ற பரப்பு மையை உள்ளே விடாது. மேலே தங்கிய மை எதன்மீது பட்டாலும் அதற்குப் போய்விடும். தவிர, பல நிகழ்ச்சிகளில் தாளுக்கு ஒரு கட்டணமும் மாதிரி போன்ற பெரிய பொருள்களுக்கு அதைவிட மிகுதியான கட்டணமும் வாங்குகிறார்கள். இதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகம் பாதுகாப்பானதே. அவரே எழுதிய நூலாக இருந்து, தலைப்புப் பக்கத்தில் கையொப்பம் பெறுவதானால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அலமாரியில் மூடியே இருக்கும்.

அஞ்சல் உறையை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் அதன் வரலாறு. அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும், திரும்பி வராமல் போனால் குடும்பத்துக்கு உதவும் என்று, புறப்படுவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான உறைகளில் கையொப்பமிட்டு விட்டுச் சென்றார்கள். நண்பர்கள் அவற்றுக்கு ராக்கெட் ஏவிய நாளிலும் நிலாவில் இறங்கிய நாளிலும் அஞ்சல் முத்திரை இடச் செய்தார்கள். சேகரிப்பாளர்கள் இவற்றைக் காப்பீட்டு உறைகள் என்றே அழைக்கிறார்கள். அந்த வழக்கம் அடுத்த சில பயணங்களிலும் தொடர்ந்தது. உறையால் வந்த சங்கடமும் உண்டு: 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் அனுமதியில்லாத 398 உறைகளை நிலாவுக்கு எடுத்துச் சென்றதும், அவற்றில் 100 ஜெர்மானிய அஞ்சல்தலை வணிகர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்ததும் வெளிப்பட்டபோது, அவர்கள் கண்டிக்கப்பட்டு, பறக்கும் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். விண்வெளிக் கையொப்பங்களின் கதையில் பாதி இந்தச் சிறிய தாள் உறைகளின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. உறையின் முத்திரை தேதியைத் தாங்கி நிற்கிறது. தாள் பால்பாயிண்ட் மையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பையில் இரண்டு அட்டைகளுக்கு இடையே வைத்தால் மடங்காமல் போய் வருகிறது.

நம் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பும் இருக்கிறது. நிலாவில் மனிதன் இறங்கியதற்கு 1969ஆம் ஆண்டிலேயே இந்திய அஞ்சல் துறை 20 பைசா அஞ்சல்தலை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், உலகச் சுற்றுப்பயணத்தின் பகுதியாக அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும் பம்பாய்க்கு வந்து போனார்கள். நிலாவில் இறங்கியதற்காக 1969 செப்டம்பர் 9 அன்று வெளியான அமெரிக்காவின் 10 சென்ட் வான்அஞ்சல் தலையின் முதல் நாள் உறை, அதாவது தலை வெளியான நாளின் முத்திரை இட்ட உறை, அமெரிக்காவில் எல்லோரிடமும் இருக்கும். இந்திய முதல் நாள் உறையை அப்பல்லோ வீரர் ஒருவர் முன் வைப்பவர்கள் மிகச் சிலரே. அஞ்சல்தலைக் கண்காட்சிகளில் தேடினால் இன்றும் கிடைக்கக்கூடியதுதான்.

உறையில் தடித்த மார்க்கரைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மை தாளில் ஊறிப் பின்பக்கம் வரை போகும், காலப்போக்கில் எழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் படியும். கையொப்பம் விழ வேண்டிய இடம் மட்டும் தெரியும்படி சாளரம் வெட்டிய வெள்ளைத் தாள் ஒன்றை உறையின் மேல் வைத்து நீட்டினால், முத்திரையின் மேல் எழுதப்படும் ஆபத்து இல்லை. நீங்கள் எதுவும் சொல்லவும் வேண்டாம். உங்கள் பெயரையும் எழுதச் சொல்லலாமா என்றால், விற்கும் எண்ணம் இல்லாதவர் தாராளமாகச் சொல்லலாம். நான் என் பெயரைவிட, அவருடைய பயணத்தின் பெயரையும் அதில் அவர் வகித்த பொறுப்பையும் எழுதக் கேட்பேன். அவர் எழுதும்போது உடன் வருபவரை ஒரு படம் எடுக்கச் சொல்லி, ரசீதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பல்லோ காலத்தில் நாசா ஆட்டோபென் என்ற கையொப்ப இயந்திரத்தைப் பெருமளவு பயன்படுத்தியதால், அஞ்சலில் வந்த பழைய படங்களைப் பற்றிய ஐயம் இன்றுவரை தீரவில்லை. நேரில் பெற்றதற்கு உங்களிடம் உள்ள சான்று உங்களுக்குப் பின் வருபவருக்கு உதவும்.

வீட்டுக்கு வந்ததும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். நம் ஊரில் முக்கியமான தாள் எதுவானாலும் முதலில் தோன்றும் எண்ணம் அதுதான் என்பதால் சொல்கிறேன். சூடும் பசையும் மையையும் தாளையும் மீட்க முடியாதபடி கெடுத்துவிடும். கடையில் கிடைக்கும் மெல்லிய பி.வி.சி. உறைகளும் வேண்டாம், பாலியெஸ்டர் உறைகள் நல்லவை. சுவரில் மாட்டுவதானால் பிரதியை மாட்டுங்கள், மூலத்தை இருட்டில் வையுங்கள். கடலோர ஊராக இருந்தால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் அவசியம்.

என்னிடம் இன்னும் கையொப்பம் பெறாத ஓர் உறை இருக்கிறது. 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயூஸ் டி-11 கலத்தில் புறப்பட்ட நாளிலேயே வெளியான இந்திய-சோவியத் கூட்டு விண்வெளிப் பயண அஞ்சல்தலையின் முதல் நாள் உறை அது. அப்பா அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய், அஞ்சலகத்தில் வரிசையில் நின்று வாங்கியது. ராகேஷ் சர்மாவின் வீட்டு வாசலுக்குப் போய் நிற்பது முறையல்ல என்பதால், பொது நிகழ்ச்சி எதிலாவது அவர் பேசும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். இருமுறை கூட்டத்தில் அருகே போக முடியவில்லை. சாளரம் வெட்டிய தாள், நீல பால்பாயிண்ட் பேனா, இரண்டு அட்டைகள் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருக்கின்றன. உறையின் பின்புறம் அப்பா பென்சிலால் குறித்து வைத்த தேதி இன்னும் தெளிவாகத் தெரிகிறது.