ஃப்ரிட்ஜில் கேஸ் தீரவில்லை, காயிலில் ஐஸ் அடைத்திருந்தது: சர்வீஸுக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். 2022இல் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் வாங்கினேன். இப்போது கம்ப்ரசருக்கு மட்டும் வாரண்டி இருக்கிறது. ஜனவரியில் கீழ்ப்பகுதி குளிரவில்லை. மேலே ஃப்ரீசரில் மட்டும் குளிர்ச்சி இருந்தது. கம்பெனி கஸ்டமர் கேரில் புகார் பதிந்தேன். வந்த டெக்னீஷியன், கேஸ் லீக் என்று சொல்லி கேஸ் ஏற்றி 3,400 ரூபாயைத் தன் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார். பில் தரவில்லை. 12 நாளில் பழைய நிலை. மறுபடி வந்து, கம்ப்ரசர் வீக், லேபருக்கும் கேஸுக்கும் 5,500 ஆகும் என்றார். வெளி மெக்கானிக்கை அழைத்தேன். அவர் ஃப்ரீசரின் பின்பக்கத் தட்டைக் கழற்றி, காயில் முழுக்க ஐஸ் கட்டியிருந்ததைக் காட்டி, டிஃப்ராஸ்ட் ஹீட்டரையும் சென்சாரையும் மாற்றினார். 1,600 ரூபாய் ஆனது. இன்றுவரை நன்றாக ஓடுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "வெளியாள் கை வைத்துவிட்டார், டெக்னீஷியனுக்குத் தனியாகக் கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறது கம்பெனி. என்ன செய்வது?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "சரிசெய்தும் மறுபடி கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. பழுதைத் தவறாகக் கண்டுபிடித்து, தேவையில்லாத வேலைக்குப் பணம் வாங்கினார்கள் என்பதுதான் உங்கள் வழக்கு. அதற்கான சாட்சி ஃப்ரிட்ஜிலேயே இருக்கிறது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் குளிரூட்டும் காயில் ஃப்ரீசர் தட்டுக்குப் பின்னால் இருக்கும். ஒரு ஃபேன் அந்தக் குளிர்காற்றைக் கீழே தள்ளும். காயிலில் படியும் ஐஸை அவ்வப்போது ஹீட்டர் கரைக்க வேண்டும். ஹீட்டரோ சென்சாரோ பழுதானால் ஐஸ் கட்டி காற்றுவழி அடைபடும். ஃப்ரீசர் ஓரளவு குளிரும், கீழே குளிராது. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி படியும், முழுக்க அடைக்காது. தட்டைக் கழற்றிப் பார்க்காமல் கேஸ் லீக் என்று முடிவுகட்டியதே குறைபாடு.

அப்படியானால் 12 நாள் எப்படி ஓடியது? கம்பெனி வழக்கறிஞர் முதலில் இதைத்தான் கேட்பார். கேஸ் ஏற்றும்போது ஃப்ரிட்ஜ் சில மணி நேரம் அணைந்து கிடக்கும். அந்த நேரத்தில் ஐஸ் கரைந்து காற்றுவழி திறக்கும். பிறகு மெல்ல மெல்ல மீண்டும் அடைக்கும். இதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, ஃப்ரிட்ஜை நகர்த்தி பின்பக்கம் கீழே கம்ப்ரசரைப் பாருங்கள். கேஸ் ஏற்றும் சிறு செம்புக் குழாயின் முனையில் புதிதாகப் பற்றவைத்த தடமோ வால்வோ இருக்கிறதா? இரண்டும் இல்லாமல் ஃபேக்டரி சீல் அப்படியே இருந்தால் கேஸ் ஏற்றவே இல்லை, அது ஏமாற்று. தடம் இருந்தால், லீக்கை எங்கே அடைத்தார் என்று கேளுங்கள். பெட்ரோல் போல ஓட ஓடக் குறைவதல்ல இந்த கேஸ். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். எங்கும் அடைக்காமல் இன்றும் குளிர்கிறது என்றால் ஓட்டை இல்லை என்றுதானே அர்த்தம்? கேஸ் வகையும் கிராம் அளவும் லேபிளில் இருக்கும். ஆர்-600ஏ என்றால் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பெரும்பாலும் 100 கிராமுக்கும் கீழே. வேக்கம் போட்டு (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து ஏற்ற வேண்டிய வேலை. எத்தனை கிராம் ஏற்றினார் என்ற பதிவைக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள்.

கழற்றிய ஹீட்டரையும் சென்சாரையும் மெக்கானிக்கிடமிருந்து உடனே வாங்கி வையுங்கள். அறுந்த ஹீட்டர் மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (மின்தொடர்ச்சி) காட்டாது. அந்தச் சோதனையை வீடியோ எடுங்கள். அவர் கண்டதைப் பிரமாணப் பத்திரமாகவும் வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே சரியாகிவிட்டதால் உங்களுக்கு இதுவே முக்கிய ஆதாரம்.

கம்பெனியின் இரண்டு வாதங்களும் பலவீனமானவை. டெக்னீஷியனை நீங்கள் தெருவில் பிடிக்கவில்லை. கம்பெனியில் பதிந்த புகாருக்கு அவர்கள் அனுப்பிய ஆள். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 237இன்படி, முகவருக்கு அதிகாரம் உண்டு என்று நம்பவைத்தவரே பொறுப்பாவார். புகார் எண் வந்த எஸ்எம்எஸ்ஸும் ஜிபே ரசீதும் ஒரே நாளைக் காட்டினால் போதும். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. சேவைக் குறைபாடு பிரிவு 2(11)இல் வரும். வெளியாள் கை வைத்தது கம்பெனி இரண்டு முறை தவறியபின். அதுவும் ஃப்ரீசர் தட்டுக்குள், கம்ப்ரசரில் அல்ல.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியுங்கள். பல புகார்கள் அங்கேயே முடிகின்றன. கூடவே கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அவர்கள் தரும் பதில் பிறகு உதவும். பலன் இல்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருவரையும் எதிர்தரப்பாக்கிப் புகார் கொடுங்கள். கம்பெனியின் தலைமையகம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

கோரிக்கையை அளவாக வையுங்கள்: 3,400 ரூபாய், வட்டி, மன உளைச்சலுக்கு நியாயமான தொகை, வழக்குச் செலவு. 1,600 ரூபாயைக் கேட்காதீர்கள். அந்த ரிப்பேர் எப்படியும் தேவைப்பட்டது, அதைக் கேட்டால் மற்றவையும் மிகையாகத் தோன்றும். காலக்கெடு 2 ஆண்டுகள். முதல் முறை பணம் கொடுத்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். 1915இல் புகார் நிலுவையில் இருப்பதால் அது நீளாது.