லிராவில் சம்பளம், பவுண்டில் வாடகை

தம்பி, வட சைப்ரஸில் கிர்னே ஹோட்டல் ஒன்றில் கணக்கர் வேலை, சம்பளம் துருக்கி லிராவில், ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொகை இருக்கட்டும், அது லிராவில் என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

1983இல் தனி நாடு என்று வட சைப்ரஸ்காரர்களே அறிவித்துக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டது துருக்கி மட்டும். சொந்த நாணயம் கிடையாது, துருக்கி லிராதான். துருக்கித் தலைநகர் அங்காராவில் வட்டியைக் குறைத்தால் லிரா சரிந்து இங்கே மளிகைக்கடையில் விலை ஏறும். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏழரை லிரா, வருடக் கடைசியில் பதின்மூன்று. இங்கேயும் ஒரு மத்திய வங்கி இருக்கிறது, ஆனால் நோட்டு அடிப்பது துருக்கி. குறைந்தபட்சக் கூலியை உயர்த்துகிறார்கள்தான். ஆனால் வாடகையைப் பல வீட்டுக்காரர்கள் பவுண்டில் கேட்பார்கள். அதனால் சம்பளத்தைப் பவுண்டில் பேசிப் பாருங்கள். முடியாது என்றால், தங்குமிடமாவது அவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

இங்கே காசு வருவது பல்கலைக்கழகங்களாலும் சூதாட்ட விடுதிகளாலும். துருக்கி 1998இல் தன் ஊரில் காசினோக்களை மூடியது. ஆடுகிறவர்கள் இங்கே பறந்து வருகிறார்கள். உங்கள் ஹோட்டலும் அந்தக் கூட்டத்தை நம்பித்தான் இருக்கும். முன்பு ஆரஞ்சு ஏற்றுமதி நன்றாக நடந்தது. வடக்கு தரும் ஏற்றுமதிச் சான்றிதழ் செல்லாது என்று 1994இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதும் அது படுத்துவிட்டது. குழாய்த் தண்ணீர்கூட 2015 முதல் துருக்கியிலிருந்து கடல் வழியாக 80 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. அரசு பட்ஜெட்டில் விழும் துண்டுக்கும் அங்கிருந்துதான் பணம். கடிதம் போட வேண்டுமா? அதுவும் துருக்கி வழியாகத்தான், முகவரியில் 'மெர்சின் 10, துருக்கி' என்று எழுத வேண்டும்.

அப்புறம், தெற்கே, அதாவது சைப்ரஸ் குடியரசின் பக்கம் போய் யூரோவில் சம்பாதிக்கலாமா என்ற கேள்வி. இங்குள்ள சைப்ரஸ் துருக்கியர் பலர் தினமும் எல்லை தாண்டிப் போய் வேலை செய்கிறார்கள், அவர்களிடம் சைப்ரஸ் குடியரசின் பாஸ்போர்ட் உண்டு. நீங்கள் வடக்கின் எர்ஜான் விமான நிலையத்தில் இறங்கினால் தெற்கின் கணக்கில் அது சட்டவிரோத நுழைவு. இந்தியத் தூதரகமோ பிளவுபட்ட தலைநகர் நிக்கோசியாவின் தெற்குப் பாதியில். அதனால் பாஸ்போர்ட் முடியும் தேதி பக்கத்தில் இருந்தால் ஊரிலேயே புதுப்பித்துக்கொண்டு கிளம்புங்கள். வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கையில் வராமல் டிக்கெட் போட வேண்டாம். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்.