ரெண்டாவது சிலிண்டர் மிஸ் ஆனால் ஃபியூவல் பம்ப்பை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், 82 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. வேலூர் போகும்போது ஹைவேயில் மேம்பாலம் ஏறுகையில் நாலாவது கியரில் மிதித்தால் நாலைந்து தடவை உதறுகிறது, செக் என்ஜின் லைட் மினுக்குகிறது, சமதளத்துக்கு வந்ததும் தானாகவே சரியாகிவிடுகிறது. காலையில் வராது, மத்தியான வெயிலில் திரும்பி வரும்போதுதான் வரும். ஒர்க்‌ஷாப்பில் முதலில் நாலு பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடி கிளீன் செய்தார்கள், அடுத்த வாரம் ஃபியூவல் பம்ப் மாற்றினார்கள். மொத்தம் 11,400 ரூபாய். கோளாறு அப்படியே இருக்கிறது. இப்போது ஈசிஎம் (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போயிருக்கும், 28 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்களோ எல்லாம் இ20 பெட்ரோலால் வந்த வினை என்கிறார்கள். முதல் நாள் ஜாப் கார்டில் ‘பி0302’ என்று எழுதியிருக்கிறது. என்ன செய்வது? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் அந்த 28 ஆயிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஈசிஎம் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். உங்கள் கேள்விக்கான பாதி பதில் அந்த ஜாப் கார்டிலேயே இருக்கிறது. ‘பி’யில் தொடங்குவது ஈசிஎம் பதிவு செய்கிற கோளாறுக் குறியீடு. பி0300 என்றால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது, இந்த சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி வருகிறது என்று அர்த்தம். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். ஆக உங்கள் வண்டி முதல் நாளே ‘எனக்கு ரெண்டாவது சிலிண்டரில்தான் கோளாறு’ என்று சொல்லிவிட்டது, அதை எழுதியும் வைத்துவிட்டார்கள், எழுதி வைத்துவிட்டு நாலு சிலிண்டருக்கும் பொதுவாக பெட்ரோல் கொடுக்கிற பம்ப்பைக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள். பம்ப் அழுத்தம் குறைந்தால் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் பட்டினி கிடக்கப் போகிறது? தெருவுக்கே தண்ணீர் வராவிட்டால் டேங்க்கில் கோளாறு, ஒரு வீட்டுக்கு மட்டும் வராவிட்டால் அந்த வீட்டுக் குழாயைத்தானே பார்ப்போம்.

இ20 பேச்சுக்கும் இதே பதில்தான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய வண்டிகளில் மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் பாகங்கள் சீக்கிரம் கெடலாம், எத்தனால் ஈரத்தை இழுக்கும், இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரே டேங்க் பெட்ரோல் நாலு சிலிண்டருக்கும் போகும்போது ரெண்டாவது மட்டும் கோபித்துக்கொள்ளாது. (அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் அடைத்திருந்தால் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.)

சரி, மேடேறும்போது மட்டும், அதுவும் வெயிலில் மட்டும் ஏன்? நாலாவது கியரில் வேகம் குறைவாக இருக்கும்போது மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று நிறைய போய் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற, பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது, கொஞ்சம் வோல்டேஜே போதும், அதனால் பிளக்குக்கு அந்த வோல்டேஜைக் கொடுக்கிற காயில் நோஞ்சானாக இருந்தால்கூட சமாளித்துவிடும். தீப்பெட்டி ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம், நமுத்த குச்சி வீட்டுக்குள் எப்படியோ பற்றிக்கொள்ளும், வாசலில் காற்றடித்தால் அணைந்துவிடும். அத்தோடு, காயிலுக்குள் இருப்பது முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. சூட்டில் அது விரியும்போது இன்சுலேஷனில் இருக்கும் கீறல் வழியே மின்சாரம் வேறு பக்கம் கசிந்துவிடும், ஆறினால் பழையபடி வேலை செய்யும். நம்மூர் மே மாத வெயிலில் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப்பில் நிழலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை உறுமவிட்டுப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே ஓடுது’ என்று சொல்வதும் இதனால்தான், லோடு இல்லாமல் அது வராது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் காசில்லாத சோதனையைத்தான் முதலில் செய்வேன். உங்கள் கார் போன்றவற்றில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி காயில் இருக்கும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, இக்னிஷனை அணைத்துவிட்டு, ரெண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை ரெண்டாவதில் போடுங்கள். பானெட்டுக்குள் குறுக்கே வைத்த என்ஜினில் பெரும்பாலும் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும், மேனுவலில் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு சூட்டில் மொறமொறப்பாகியிருக்கும், முரட்டுத்தனமாக இழுத்தால் உடையும். எந்தக் காயில் எது என்று வொயிட்னரால் குறி போடுங்கள். பதிவான கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்துவிட்டு, மத்தியானத்தில் அதே மேம்பாலத்தில் அதே கியரில் ஏறுங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றவாளி காயில், கோளாறும் அதோடு இடம் மாறிவிட்டது. ஒரே ஒரு காயில் வாங்கினால் போதும், நாலும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மறுபடியும் பி0302தான் என்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாற்றுங்கள். புது பிளக்காயிற்றே என்று விட்டுவிடாதீர்கள், மாற்றும்போது கீழே விழுந்து பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், போலி பிளக்கும் சந்தையில் இருக்கிறது. பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கோடு போட்ட மாதிரி கருப்பாக இருந்தால் பொறி வெளிப்பக்கமாக ஓடுகிறது, பிளக் போச்சு. இரும்பை ஒட்டி வட்டமாகப் பழுப்புக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம், அது எல்லாப் பிளக்கிலும் வருவதுதான், அதைக் காட்டி பிளக் விற்கிறவர்கள் உண்டு.

பிளக் கழற்றும்போது அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். என் பழைய காருக்கு ஏலகிரி ஏறும்போது இதே உதறல் வந்தது. ஒருவர் பேச்சைக் கேட்டு சோதிக்காமலே புதுக் காயில் வாங்கிப் போட்டேன், ரெண்டு மாதம் நன்றாக ஓடி மறுபடியும் ஆரம்பித்தது. கடைசியில் பார்த்தால் என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் இற்றுப்போய் பிளக் குழியில் ஆயில் தேங்கி, காயிலின் ரப்பர் உறையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தது. புதுக் காயிலின் ரப்பரும் ஊறிவிட்டது. முதலிலேயே குழியைப் பார்த்திருந்தால் பேக்கிங் செலவோடு போயிருக்கும்.

காயிலும் பிளக்கும் தப்பித்தால், கனெக்டருக்கு வரும் ஒயரை என்ஜின் ஓடும்போது லேசாக அசைத்துப் பாருங்கள். வீட்டு வாசலில் நிறுத்துகிற வண்டி என்றால் எலி கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு இன்ஜெக்டரை இடம் மாற்றுவது, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த ரெண்டும் ஒர்க்‌ஷாப் வேலை, பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும் லைனை வீட்டில் கழற்ற வேண்டாம். இவ்வளவும் முடிந்து இன்னும் ரெண்டாவதிலேயே நின்றால் அப்போது ஈசிஎம்மைப் பற்றிப் பேசலாம். ஈசிஎம்முக்குள் ஒரு காயிலை இயக்குகிற சர்க்யூட் மட்டும் போவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அபூர்வம்.

ஒன்று முக்கியம். லைட் நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கிற அளவுக்கு மிஸ் ஆகிறது என்று பொருள். உடனே காலை எடுத்து, கியரைக் குறைத்து, மெதுவாகப் போங்கள். சோதனைக்காக ஒரு தடவை மேடேறுவது சரி, திரும்பத் திரும்ப வேண்டாம். கன்வெர்ட்டர் போனால் அந்த விலைக்கு 28 ஆயிரம் பரவாயில்லை என்று தோன்றும்.

பண விஷயம். பிளக்குக்குக் கொடுத்ததை விட்டுவிடுங்கள், 82 ஆயிரம் கிலோமீட்டருக்குச் சாதாரண நிக்கல் பிளக் ரெண்டு தடவை மாற்றியிருக்க வேண்டும். ஃபியூவல் பம்ப்பைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எந்த அழுத்தம் அளந்து அதை மாற்றினீர்கள், ரீடிங் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸப்பிலாவது. கழற்றிய பழைய பம்ப்பையும் கேட்டு வாங்குங்கள். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல இடங்களில் அந்த அழைப்புக்கே பேச்சு மாறும். அதற்கும் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ரெண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜாப் கார்டும் பில்லும்தான் உங்கள் பலம். பில் இல்லாமல் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தால், உள்ளதைச் சொல்கிறேன், ரொம்ப அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கிற புளூடூத் ஸ்கேனர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வாங்கலாம். ஈஎல்எம்327 வகை, குறியீட்டைப் படிக்கவும் அழிக்கவும் போதும். ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் பெரும்பாலும் படிக்காது. ஐபோன் என்றால் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்து வாங்குங்கள், பழைய வகை புளூடூத்தோடு அது சேராது. வாங்கினவர்கள் செய்கிற ஒரே தப்பு, குறியீட்டைப் பார்த்ததும் அழித்துவிடுவது. அழிப்பதற்கு முன் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பக்கத்தைத் திறந்து படம் பிடித்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவு என்று இருக்கும். வந்து வந்து போகிற மிஸ்ஸிங்குக்கு அதுதான் சாட்சி, பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் பெரும்பாலும் போய்விடும். வேலை முடிந்ததும் உருவிவிடுங்கள், நாள்கணக்கில் செருகியே வைத்தால் பேட்டரியை இழுக்கும்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு என்ஜினோடு சேர்த்து வாட்டர் வாஷ் விட்டேன். மறுநாளிலிருந்து வண்டி மூன்று சிலிண்டரில் ஓடுகிற மாதிரி ஆடுகிறது. பிளக் மாற்றட்டுமா?
– வாசகி, ஆரணி

பதில்: எதையும் மாற்றாதீர்கள். பிரஷர் தண்ணீர் பிளக் குழிக்குள் இறங்கியிருக்கும். என்ஜின் ஆறியதும் காயில்களைத் தூக்கி, குழியையும் ரப்பர் உறையையும் கம்ப்ரஸர் காற்றால் ஊதி உலர்த்தச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே ஊத வேண்டும், இல்லாவிட்டால் குழித் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். அடுத்த வருடம் பானெட்டுக்கு மேலே பொட்டு வைத்தால் போதும், உள்ளே ஈரத்துணியால் துடையுங்கள்.